குடியிருப்புச் சுவரும் தெருக் கண்காட்சியும்: சென்னையில் மக்களோடு சேர்ந்து கலைப்பணி செய்வோர் கேட்கும் கேள்விகள்

மக்களோடு சேர்ந்த கலைத் திட்டம் என்று எதைச் சொல்கிறீர்கள்? ஒரு குடியிருப்புச் சுவரில் ஓவியர் வந்து பெரிய படம் வரைந்தால் அது போதாதா?

அது சுவரோவியம். நல்ல சுவரோவியமாகவும் இருக்கலாம். ஆனால் அங்கே வாழ்கிறவர்களுக்கு மூன்று இடங்களில் பேச்சு இருந்தால்தான் அது அவர்களோடு சேர்ந்த பணி: என்ன வரைவது, எங்கே வரைவது, வரைவதா வேண்டாமா. மூன்றாவதைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. "வேண்டாம்" என்று சொல்ல வழியில்லாத இடத்தில் கிடைக்கும் "சரி"க்கு மதிப்பு கிடையாது.

சென்னையில் இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய கண்ணகி நகர், நகரின் நடுப்பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் 2000 முதல் குடியேற்றப்பட்ட இடம். 2020-இல் தெருக்கலை அமைப்பான ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, சென்னை மாநகராட்சி, ஏசியன் பெயின்ட்ஸ் ஆகியோர் முயற்சியில் அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் வந்தன. பெசன்ட் நகர் பக்கத்திலுள்ள ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் தொடங்கிய விழா, கர்நாடக இசையையும் பறையாட்டத்தையும் மீனவர் தெருவிலேயே ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது. ஒன்று சுவரை மாற்றியது. இன்னொன்று யார் எங்கே உட்கார்ந்து எதைக் கேட்கலாம் என்ற வழக்கத்தை மாற்றப் பார்த்தது. எதைத் தொடங்கப் போகிறோம் என்று முதலிலேயே தெளிந்துகொள்ளுங்கள். செலவு, ஆட்கள், காலம் எல்லாம் அதைப் பொறுத்தே அமையும்.

ஒரு பகுதிக்குப் போனால் முதலில் யாரைப் பார்ப்பது?

இடத்துக்கு இடம் மாறும். கடலோரக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. அவர்களைக் கேட்காமல் ஒரு கோடு போட்டாலும் மனக்கசப்புதான். அரசு வாரியம் கட்டிய அடுக்குமாடிகளில் பிளாக் வாரியாகச் சங்கம் இருக்கும், சில இடங்களில் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு சங்கங்கள் இருக்கும். அப்போது இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள். ஒரு தரப்பு வழியாக மட்டும் உள்ளே நுழைந்தால் அந்தச் சுவர் அந்தத் தரப்பின் சுவராகிவிடும்.

தலைவர்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மகளிர் சுயஉதவிக் குழு, அங்கன்வாடி ஆசிரியை, டீக்கடை, தையல்கடை இவர்களிடம் கிடைக்கும் செய்தி எந்தக் கூட்டத்திலும் கிடைக்காது. தண்ணீர் லாரி வரும் நேரத்தில் கூட்டம் வைத்தால் பெண்கள் ஒருவரும் வரமாட்டார்கள். அதிகாலையில் வேலைக்குப் போகிறவர்கள் அதிகமுள்ள தெருவில் இரவு எட்டரைக்குமேல் கூட்டம் வைக்கக் கூடாது. குறைந்தது நான்கு முறையாவது வெறுங்கையோடு போங்கள். கேமரா வேண்டாம், வரைபடமும் வேண்டாம்.

யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

சுவரின் உரிமையாளரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். வாய்ச்சொல் போதாது. பொதுவெளிகளை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நல்ல நோக்கம் என்பது அனுமதிக்குப் பதிலாகாது.

மாநகராட்சிச் சுவர், பூங்கா, பள்ளி என்றால் அந்தந்த மண்டல அலுவலகம். சென்னை மாநகராட்சி பல மண்டலங்களாகவும், அவற்றுக்குள் 200 வார்டுகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கிறது. மனுவை மண்டலத்தில் கொடுத்து, ஒரு நகலை வார்டு உறுப்பினரிடமும் கொடுங்கள். முன்பு குடிசை மாற்று வாரியம் என்றிருந்தது 2021 முதல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். அடுக்குமாடிகளுக்கு அவர்கள் அனுமதி வேண்டும். ரயில்வே சுவர், மெட்ரோ தூண், நெடுஞ்சாலைத் துறைப் பாலம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அலுவலகம். ஒரே பாலத்தின் தூணும் அதற்குக் கீழே இருக்கும் காலியிடமும் வெவ்வேறு துறைக்குச் சொந்தமாக இருப்பது உண்டு. ஒலிபெருக்கி வைப்பதானால் காவல் நிலையத்தில் தனி மனு.

மனுவோடு நான்கு விஷயங்கள் இணையுங்கள்: சுவரின் இப்போதைய புகைப்படம், நீள உயர அளவு, வண்ண மாதிரி வரைபடம், வேலை தொடங்கி முடியும் தேதிகள். "சமூக விழிப்புணர்வு ஓவியம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்த மனு திரும்பி வரும், அல்லது மேசையிலேயே கிடக்கும். படத்தைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து விழும்.

இன்னொன்றும் உண்டு. தேர்தல் நெருங்கும் மாதங்களில் பல சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டு, ஓரத்தில் ஒரு கட்சியின் பெயர் எழுதி "ஒதுக்கப்பட்டிருக்கும்". அப்படிப்பட்ட சுவரைத் தொட வேண்டாம்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் நடுவரை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நிற்கும். மழை விட்ட மறுநாள் சுவர் காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே ஈரம் வாரக்கணக்கில் இருக்கும். பொங்கலுக்கு முன் வீடுகளுக்கு வெள்ளையடிப்பது வழக்கம் என்பதால், பொங்கல் முடிந்து தொடங்கினால் சுவரும் சுத்தமாக இருக்கும், மக்களுக்கும் மனம் இருக்கும்.

மே மாதம் பிள்ளைகளுக்கு விடுமுறைதான், ஆனால் வெயிலில் சுவர் கொதிக்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், வருமானம் இருக்காது. பேச்சுக்கும் பயிற்சிப் பட்டறைக்கும் ஏற்ற காலம். கூலி கொடுக்காமல் வேலை வாங்கத் துளியும் பொருத்தமில்லாத காலம். ஆடியில் கூழ் ஊற்றும் திருவிழாக்கள் உண்டு, அந்தத் தேதிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும்.

என்ன வரைவது என்று எப்படி முடிவெடுப்பது?

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் மயில், தாமரை, தலைவர் படம், "மரம் வளர்ப்போம்" என்று பதில் வரும். இது மக்களின் கற்பனைக் குறைவு அல்ல. சுவரில் இதுவரை அவர்கள் பார்த்தது அதுதான். கேள்வியை மாற்றுங்கள். இந்தத் தெருவில் முதலில் வந்தது யார், எந்த மரத்தடியில் எல்லோரும் உட்காருவீர்கள், பழைய இடத்திலிருந்து எந்தப் பொருளைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டால் அம்மி வரும், தையல் மெஷின் வரும், கட்டுமரம் வரும், இடிந்துபோன வீட்டின் கதவு வரும்.

கிடைத்ததை வைத்து மூன்று மாதிரி வரைந்து, மூன்றடிக்கு இரண்டடித் தாளில் அச்சிட்டு, டீக்கடை அருகில் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். பக்கத்தில் பேனா கட்டிவையுங்கள். கிறுக்கல்களைப் படியுங்கள். அந்தச் சுவருக்கு நேரெதிர் வீட்டில் இருப்பவர் சொல்வதற்குக் கூடுதல் எடை கொடுங்கள். தினமும் கதவைத் திறந்ததும் அதைப் பார்க்கப் போகிறவர் அவர்தான்.

மூன்றுமே வேண்டாம் என்று வந்தால்? தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை வழிகிறது, முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள் என்று பதில் வந்தால்? அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். வழிகிற சாக்கடைக்கு மேல் வண்ணம் பூசினால் அந்த இடத்தில் வாழ்கிறவர்களின் புகாரை மூடி மறைப்பதாகவே ஆகும். அந்தப் புகார்களையே புகைப்படமாகவும் வரைபடமாகவும் மக்களே பதிவுசெய்து காட்சிக்கு வைக்கலாம். அதுவும் கலைத் திட்டம்தான், பல நேரங்களில் சுவரோவியத்தைவிட வலுவானது.

சுவரை எப்படித் தயார் செய்வது? எங்கள் படம் ஆறே மாதத்தில் உரிந்துவிட்டது.

பத்தில் ஒன்பது முறை பெயின்ட் மேல் குற்றமில்லை, அடியில்தான் கோளாறு. உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். வெள்ளை ஒட்டினால் அது சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்பின் மேல் எமல்ஷன் (நீரில் கரையும் பெயின்ட்) அடித்தால் எமல்ஷன் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்பு சுவரைப் பிடித்துக்கொள்ளாது. இரண்டும் சேர்ந்து அப்பளம்போல் கழன்றுவரும். இரும்புத் தகட்டால் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். பிறகு ஒரு துண்டு செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப் சுத்தமாக வந்தால் பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்கலாம்.

வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் கழுவக் கூடாது. தண்ணீர் உப்பைக் கரைத்து மறுபடி உள்ளே அனுப்பும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு, ஓதம், அதாவது சுவருக்குள் ஊறும் ஈரம், எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். மேலே உடைந்த குழாயா, பின்பக்கம் குளியலறையா, தரையிலிருந்து ஏறுகிறதா? முதல் இரண்டையும் அடைத்துவிடலாம். தரையிலிருந்து ஏறும் ஓதத்தை ஓவியரால் நிறுத்த முடியாது. அது ஏறக்குறைய மூன்றடி வரை ஏறும். அதனால் அடியில் இரண்டு முதல் மூன்றடி வரை படத்தைக் கொண்டுவராமல், காவி அல்லது கருஞ்சாம்பலில் ஒற்றை நிறப் பட்டையாக விடுங்கள். சேறு தெறிப்பதும் வண்டி உரசுவதும் அங்கேதான். ஆண்டுக்கொருமுறை அந்தப் பட்டையை யார் வேண்டுமானாலும் திருப்பி அடித்துவிடலாம்.

புதிதாகச் சிமெண்டு பூசிய சுவரா? 28 நாள் காத்திருங்கள். அதற்குமுன் அடித்தால் சிமெண்டின் காரத்தன்மை நிறத்தைத் தின்றுவிடும். போஸ்டர் ஒட்டிய சுவரில் மைதாப் பசை அடுக்கடுக்காக இருக்கும். நனைத்து ஊறவைத்துச் சுரண்டுங்கள், மிச்சம் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பழைய எனாமல் பெயின்ட் இருந்தால் உப்புத்தாளை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்-க்குள் (பத்து லட்சத்தில் 90 பங்குக்குள்) கட்டுப்படுத்தும் விதி 2016-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய அடுக்குகளைக் காய்ந்த நிலையில் தேய்த்தால் வரும் தூள் பிள்ளைகளுக்கு ஆபத்து.

பெயின்ட் எவ்வளவு வாங்க வேண்டும்?

இருபதடி நீளம், பத்தடி உயரச் சுவரை எடுத்துக்கொள்வோம்: 200 சதுர அடி. வெளிச்சுவர் பிரைமர் ஒரு கை (ஒரு பூச்சு) அடிக்க லிட்டருக்கு 80 முதல் 100 சதுர அடி வரும், ஆகவே இரண்டரை லிட்டர். அடிநிறமாக வெள்ளை எமல்ஷன் இரண்டு கைக்கு லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடி, ஆகவே நான்கு லிட்டர். படத்துக்கான நிறங்கள் எல்லாம் சேர்ந்து இன்னும் நான்கு லிட்டர். சுவர் சொரசொரப்பாக இருந்தால் எல்லாவற்றிலும் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

மஞ்சளும் சிவப்பும் அடியை மறைக்காது. வெள்ளை அடிக்கு மேல் மூன்று கை வேண்டும், அதைக் கணக்கில் சேர்க்காததால்தான் கடைசி நாளில் சிவப்பு தீர்ந்துபோகிறது. பளீரென்ற ரோஸ், ஊதா, எலுமிச்சை மஞ்சள் ஆகியவை மேற்குச் சுவரில் சீக்கிரம் வெளுக்கும். காவி, செம்மண், ஓக்கர், கருப்பு போன்ற ஆக்சைடு நிறங்கள் நிற்கும். நீண்ட காலம் நிற்க வேண்டிய கோடுகளை இவற்றில் போடுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் 200 மில்லியைத் தனி டப்பாவில் மூடி, நிற எண்ணை எழுதி, அந்தத் தெருவிலேயே ஒரு வீட்டில் கொடுத்துவைப்பது அவசியம். பழுதுபார்க்க அதுதான் உதவும்.

சின்ன வரைபடத்தைப் பெரிய சுவரில் ஏற்றுவது எப்படி?

சென்னையின் சினிமா பேனர் ஓவியர்கள் கட்டம் போட்டே ஏற்றினார்கள். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை விழுங்கும்வரை அதுதான் முறை. தாளில் ஓர் அங்குலத்தைச் சுவரில் ஓர் அடியாக வைத்து, காவித்தூள் தடவிய நூலைப் பிடித்து அடித்தால் நேர்கோடு விழும். பத்துப்பேர் சேர்ந்து வரையும்போது இதைவிட நல்ல முறை கிடையாது, ஆளுக்கொரு கட்டம் பிரித்துக் கொடுக்கலாம். வயதான பேனர் ஓவியர்களும் சுவர் எழுத்துக் கலைஞர்களும் இன்னும் நகரில் இருக்கிறார்கள். அவர்களை ஆசிரியராக அழைத்து, ஆசிரியருக்குரிய சம்பளம் கொடுங்கள்.

புரொஜெக்டர் இரவில் மட்டும் உதவும். எட்டடிச் சந்தில் பின்னால் தள்ளி வைக்க இடமிருக்காது. திரும்பத் திரும்ப வரும் உருவங்களுக்குத் தாளில் ஊசியால் குத்தி, துணியில் கட்டிய கரித்தூளைத் தட்டினால் போதும்.

பிள்ளைகளையும் பெயின்ட் அடிக்க வைக்கலாமா?

வைக்கலாம், நான்கடி உயரத்துக்குக் கீழே மட்டும், நீரில் கரையும் எமல்ஷனில் மட்டும். டர்பன்டைன், தின்னர் பக்கத்திலேயே வரக் கூடாது. சாரத்தில் எந்தப் பிள்ளையும் ஏறக் கூடாது. ஒரே நேரத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம், இரண்டு பெரியவர்கள் கூடவே நிற்க வேண்டும். காலை ஆறரை முதல் பத்தரை, மாலை நாலுக்கு மேல். கிழக்குச் சுவரைப் பிற்பகலிலும் மேற்குச் சுவரைக் காலையிலும் அடித்தால் நிழல் கிடைக்கும், பிரஷ் கோடும் விழாது.

பிள்ளைகள் அடித்த இடத்தை இரவோடு இரவாகப் "சரிசெய்யாதீர்கள்". மறுநாள் காலை தான் வரைந்த மீனைத் தேடி வரும் பிள்ளைக்கு அது தெரிந்துவிடும்.

சாரம் கட்டுவதில் என்ன கவனிக்க வேண்டும்?

பத்தடிக்கு மேல் என்றால் ஏணியை நம்பாதீர்கள். சவுக்குக் கம்பு சாரமானாலும் இரும்புச் சாரமானாலும் அதைத் தொழிலாகச் செய்பவரே கட்ட வேண்டும். பலகை இரண்டு பக்கமும் கட்டப்பட்டிருக்க வேண்டும். மின்கம்பி அருகில் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகுதான் வேலை. பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் யாரும் சாரத்தில் ஏறக் கூடாது.

கண்காட்சியை எங்கே வைப்பது? கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி போன்ற இடம் கிடைத்தால் நல்லதுதானே?

நல்லதுதான், ஆனால் இரண்டாவதாக. முதல் காட்சி அந்தத் தெருவில் இருக்கட்டும்: அங்கன்வாடி, சமுதாயக் கூடம், வலை பின்னும் கொட்டகை, மாடிப்படிச் சுவர். தங்கள் முகமும் சொல்லும் தங்களுக்குத் தெரியாமல் நகரின் இன்னொரு மூலையில் காட்டப்படுவதை யாரும் விரும்பமாட்டார்கள். 2016-இல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே போன்ற பெருங்காட்சிகளுக்குப் பணி தேர்வானால், வண்டி ஏற்பாட்டையும் சாப்பாட்டையும் திட்டச் செலவிலேயே எழுதிவிடுங்கள். பேருந்துக்காசு இல்லாமல் வரமுடியாதவர்களைச் சிறப்பு விருந்தினர் என்று அழைப்பிதழில் போடுவது மரியாதையாகாது.

தெருவில் படங்களை மாட்டுவது எப்படி?

கூடத்தில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம். பிள்ளைகளும் பாய் போட்டு உட்காருபவர்களும் பார்க்கும் இடத்தில் 45 அங்குலம் போதும். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு கொக்கி. ஒன்று என்றால் மின்விசிறிக் காற்றிலேயே சாய்ந்துவிடும்.

மூன்று மில்லிமீட்டர் சன்போர்டு (படம் ஒட்டும் லேசான பலகை) வெயிலில் வளையும், ஐந்து வாங்குங்கள். துணியில் அச்சிட்டுக் கொடியில் காயப்போடுவதுபோல் மாட்டினால் அழகு, செலவும் குறைவு. கடலோரத்தில் பிற்பகல் கடற்காற்று கிளம்பியதும் நான்கடித் துணி பாய்மரமாகிவிடும். துணியின் அடியில் மடித்துத் தைத்து ஒரு பிவிசி குழாயைச் செருகுங்கள், நடுவில் இரண்டு கிழிசல் வெட்டிவிட்டால் காற்று கடந்து போகும். சாதாரண ஆணியும் கட்டுக்கம்பியும் உப்புக்காற்றில் ஒரே வாரத்தில் துருப்பிடித்துத் துணியில் கறை இறக்கும். நைலான் கயிறும் எவர்சில்வர் ஆணியும் வாங்குங்கள். காகிதப் படங்களைச் சட்டமிட்டால் பின்பக்கம் சுவரை ஒட்டாமல் கால் அங்குலம் தள்ளி நிற்க இரண்டு ரப்பர் பொத்தான் வையுங்கள், ஒட்டினால் பூஞ்சை.

விளக்கக் குறிப்பு தமிழில் முதலில், 24 புள்ளி எழுத்தில், ஐம்பது சொல்லுக்குள். பெயரை அவர்கள் எப்படிச் சொல்லச் சொல்கிறார்களோ அப்படியே போடுங்கள். "பயனாளி" என்ற சொல் எங்கும் வேண்டாம். தெருமுனையில் அனுமதியில்லாமல் பேனர் வைக்க வேண்டாம்.

யாருக்கெல்லாம் பணம் கொடுக்க வேண்டும்?

வேலை செய்யும் எல்லோருக்கும். சுவரைச் சுரண்டுபவர், சமைப்பவர், வீடு வீடாகக் கூட்டிப்போகும் இளைஞர், இரவில் பொருட்களைப் பார்த்துக்கொள்பவர், மூன்று மணிநேரம் உட்கார்ந்து கதை சொன்ன பாட்டி வரை. அன்றாடக் கூலிக்காரர் ஒரு நாள் பட்டறைக்கு வந்தால் அவருக்கு ஒரு நாள் கூலி இழப்பு. வெளியூர் ஓவியருக்கு விமானக் கட்டணம் இருக்கும் திட்டத்தில் உள்ளூர்க்காரருக்கு டீயும் சான்றிதழும் மட்டும் என்பது அநியாயம். முதல் நாளே தொகையைச் சொல்லி, அன்றன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

நிதி எங்கே கேட்பது?

பெங்களூரில் இயங்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் தனிக் கலைஞர்களுக்கும் நல்கை தருகிறது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி என்றால், 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கலையும் பண்பாடும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பணம் தனிக் கலைஞர் கணக்குக்கு நேராக வராது, பெரும்பாலும் பதிவுபெற்ற அறக்கட்டளை, சங்கம் போன்ற அமைப்பு வழியாகத்தான் வரும். நிறுவனச் சின்னம் சுவரில் எவ்வளவு பெரிதாக வரலாம் என்பதைப் பணம் வாங்குவதற்கு முன் எழுதிக்கொள்ளுங்கள். சின்னம் சுவரின் மூலையில், ஓரடிக்குள் அடங்கட்டும். குடியிருப்பவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

புகைப்பட ஒப்புதலும் பதிப்புரிமையும்?

முகம் தெரியும் ஒவ்வொரு படத்துக்கும் தமிழில் ஒரு பக்க ஒப்புதல் தாள்: எங்கே காட்டுவோம், இணையத்தில் வருமா, விற்பனை உண்டா, பின்னால் வேண்டாமென்றால் யாரிடம் சொல்வது. படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்தோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும். மக்கள் எடுத்த புகைப்படத்தின் உரிமை அவர்களுடையது, கேமரா உங்களுடையதாக இருந்தாலும். எழுதிக்கொடுத்தாலொழிய அதை விற்க முடியாது.

சுவரோவியத்தை இடித்தால் ஓவியருக்கு உரிமை உண்டா என்று கேட்பார்கள். டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து அகற்றப்பட்ட தன் வெண்கலச் சுவர்ச் சிற்பத்துக்காக அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில் 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கலைஞரின் தார்மீக உரிமையை, அதாவது தன் படைப்பு சிதைக்கப்படக் கூடாது என்று கேட்கும் உரிமையை, ஏற்றது. ஆனால் குடியிருப்புச் சுவரைப் பழுதுபார்க்கவும் இடித்துக் கட்டவும் வேண்டிவரும். அதற்கு ஓவியம் குறுக்கே நிற்காது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கூரை ஒழுகும் வீட்டுக்காரரைப் படத்துக்காகக் காத்திருக்கச் சொல்லக் கூடாது.

வேலை முடிந்த பிறகு?

முதல் மழைக்குப் பின் ஒருமுறை, ஆண்டு நிறைவில் ஒருமுறை போய்ப் பார்க்கத் தேதி குறியுங்கள். இதற்கான செலவாக மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைக்க வேண்டும், கடைசியில் தேடினால் இருக்காது. உரிந்த இடம் கையகலம் என்றால் சுரண்டி, பிரைமர் வைத்து, கொடுத்துவைத்த டப்பாவிலிருந்து அடிக்கலாம். நான்கில் ஒரு பங்கு போயிருந்தால் ஒட்டுப்போடாமல் மறுபடி தெருவைக் கூட்டிக் கேளுங்கள்: அதே படமா, வேறு படமா, வெறும் வெள்ளையா? வெள்ளை என்றால் அன்றே ரோலரை எடுத்து நீங்களே அடித்துக்கொடுங்கள்.